சோளக் குவியலா, தீவன வயலா, மான் தடமா?

அமெரிக்காவில் வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகிறவர் முன்னால் மூன்று வழிகள் உண்டு. மக்காச்சோளத்தைக் கொட்டிவிட்டுக் காத்திருக்கலாம். க்ளோவர், டர்னிப் மாதிரி மான் விரும்பும் தீவனப் பயிரை விதைத்து, அந்த வயலோரம் உட்காரலாம். எதுவும் போடாமல் மான் நடக்கும் தடத்தைக் கண்டுபிடித்துப் பரண் கட்டலாம். முதல் வழி டெக்சாஸில் சகஜம், மினசோட்டாவில் குற்றம். விஸ்கான்சினில் கவுன்ட்டிக்குக் கவுன்ட்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) சட்டம் மாறும்.

சோளத்தை எதிர்ப்பவர்கள் முதலில் சொல்வது, "தீனி போட்டுச் சுடுவது வேட்டையா?" என்பதுதான். எனக்கு இது பலவீனமான வாதமாகவே படுகிறது. தீவன வயலோரம் உட்காருபவரும் மானின் வயிற்றை நம்பித்தானே உட்காருகிறார்! பல மாநிலங்களில் சட்டம் அதைத் தீனி என்று கணக்கில் எடுப்பதில்லை, அவ்வளவுதான். சோளம் போட்டால் வேலை சுலபம் என்பதும் பாதி உண்மை. முக்காலியில் நிற்கும் டப்பா, குறித்த நேரத்தில் சுழன்று சோளத்தை வீசும்; பெண் மான்களும் குட்டிகளும் வந்துவிடும். அடிபட்டுத் தேறிய பெரிய ஆண் மானோ நள்ளிரவில்தான் வரும், கேமராவில் மட்டும் சிக்கும்.

சோளத்துக்கு ஆதரவாக ஒரு நல்ல நியாயம் உண்டு. தலை குனிந்து நிதானமாகத் தின்னும் மான் பக்கவாட்டில் நிற்கும்போது அம்பு சரியான இடத்தில் பாயும். காயத்தோடு ஓடிப்போய்ச் சாவது குறையும். வயதானவர்களுக்கும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கும் இது பெரிய விஷயம். 2019-இல் மாநிலத்தின் தென்பகுதியான கீழ்த் தீபகற்பம் முழுக்கச் சோளம் போடத் தடை போட்ட மிச்சிகன்கூட, மாற்றுத்திறனாளிகளுக்கான சிறப்பு வேட்டை நாட்களில் விலக்கு கொடுத்தது.

அந்தத் தடைக்குக் காரணம் நோய். என் முடிவும் அதை வைத்துத்தான். மானை உருக்கிக் கொல்லும் சி.டபிள்யூ.டி. (க்ரானிக் வேஸ்டிங் டிசீஸ்) என்ற நோய் 1967-இல் கொலராடோவில், அடைத்து வளர்த்த மான்களிடம் முதலில் கவனிக்கப்பட்டது. 2002-இல் விஸ்கான்சினில் உறுதியானது. காரணம் பிரியான் என்ற உருக்குலைந்த புரதம். எச்சில், மூத்திரம், சாணம் வழியாகப் பரவி, மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும். மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. ஓக் காட்டில் உதிர்ந்த கொட்டையை மான்கள் சிதறி நின்று பொறுக்கும். குவியலிலோ ஒன்றின் எச்சில் பட்ட சோளத்தையே அடுத்தது மெல்லும். மான்கள் எப்படியும் ஒன்றையொன்று நக்கிக்கொள்கின்றனவே என்பார்கள். உண்மைதான், ஆனால் அது பெரும்பாலும் ஒரே குடும்பத்துக்குள். குவியல் பல குடும்பங்களை ஒரே இடத்தில் மூக்கு வைக்கச் செய்கிறது. அப்புறம், பனிக்காலத்தில் குச்சியும் மொட்டும் தின்று பழகிய வயிற்றில் திடீரென்று சோளம் நிறைந்தால் அமிலம் ஏறி மான் செத்தே போகலாம்.

தீவன வயலில் நெருக்கம் குறைவு. ஆனால் சொந்த நிலம் வேண்டும், டிராக்டர் செலவு வேறு. தடம் பார்ப்பதற்குச் செலவில்லை, பொறுமை வேண்டும்: மரத்தில் கொம்பு உரசிய தழும்பு, காலால் கீறிய மண், எல்லாவற்றுக்கும் மேல் காற்று வாட்டம். காற்று நம் வாடையோடு மானின் பக்கம் திரும்பினால் அன்றைக்கு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். என் வரிசை: தடம், நிலம் இருந்தால் வயல், கடைசியில்தான் சோளம், அதுவும் நோய் எட்டாத இடத்தில், வேறு வழி இல்லாதவருக்கு.

அப்படிப் போடுவதானால் குவிக்கக் கூடாது. மிச்சிகன் அனுமதிக்கிற இடங்களில் அளவு 2 கேலன் (சுமார் ஏழரை லிட்டர்). அதையும் 10 அடிக்கு 10 அடி பரப்பிலாவது தூவ வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பூஞ்சை பிடித்த சோளத்தை வாங்கவே வேண்டாம். அதிலுள்ள அஃப்ளாடாக்ஸின் என்ற பூஞ்சை நச்சு, கூடவே வந்து பொறுக்கும் காட்டு வான்கோழிக்கும் விஷம்.