வள மையமா, தெரபி சென்டரா, வகுப்பறையா?

"ஓ.டி.க்கு எங்க கொண்டு போனா நல்லது?" சிறப்புத் தேவையுள்ள பிள்ளை இருக்கும் வீடுகளில் இந்தக் கேள்வி ஓயாது. நாகர்கோவில்காரர்கள் ஒரு தனியார் சென்டரைக் கைகாட்டுவார்கள். களியக்காவிளைப் பக்கம் கேட்டால் திருவனந்தபுரம் என்பார்கள். பள்ளியில் கேட்டால், கல்வித்துறை வட்டார அளவில் நடத்தும் வட்டார வள மையம். எதற்காகப் போகிறோம் என்று கேட்பவர்கள்தான் குறைவு.

ஓ.டி., அதாவது ஆக்குபேஷனல் தெரபி என்பது அன்றாட வேலைகளைப் பிள்ளை தானே செய்ய வைப்பதற்கான பயிற்சி. பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் அன்றாட வேலை என்ன? பலகையைப் பார்த்து எழுதுவது, டிபன் பாக்ஸைத் திறப்பது, கழிப்பறைக்குப் போய் பட்டனை மாட்டிக்கொண்டு திரும்புவது, மணிச் சத்தத்தைத் தாங்குவது. எந்த வழி நல்லது என்பதை இந்தப் பட்டியலை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் வள மையம். அகஸ்தீஸ்வரம் முதல் மேல்புறம் வரை கன்னியாகுமரி மாவட்டத்தில் 9 ஒன்றியங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் சேவை வட்டார அளவில் கிடைக்கிறது. காசு கிடையாது. பயணப்படி, துணைக்கு வருபவருக்கான படி, பெண் பிள்ளைகளுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் 10 மாதம் உதவித்தொகை என்று திட்டத்தில் இடம் இருக்கிறது. வர முடியாத பிள்ளைக்கு வீட்டுவழிப் பயிற்சியும் உண்டு. ஆனால் அங்கே பெரும்பாலும் இருப்பவர்கள் சிறப்புப் பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையின் கால் இறுக்கத்துக்கு அவர்கள் கை பெரிய உதவி. ஆட்டிசம் உள்ள பிள்ளை சத்தத்துக்கு மிரள்வதற்கோ, எழுத்துச் சிக்கலுக்கோ அது மட்டும் போதாது.

தனியார் சென்டரின் பலம், ஒரு பிள்ளைக்கு ஒருவர் என்று முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பது. பிள்ளைக்கு எது வரும், எது வராது என்ற முதல் மதிப்பீட்டுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஊஞ்சலும் பந்துத் தொட்டியும் இருக்கும். பந்துத் தொட்டி போட்டோவுக்கு நன்றாக வரும் என்பது வேறு விஷயம். ஆளின் படிப்பைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். இளநிலை ஓ.டி. பட்டம் பயிற்சிக் காலத்தோடு நாலு வருடத்துக்கு மேல் ஓடும் படிப்பு. சில மாதச் சான்றிதழ் அதற்கு ஈடாகாது. செலவுக்கு மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீடு ஓரளவு தோள் கொடுக்கும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை.

சென்டரின் பலவீனம் பஸ்ஸில் இருக்கிறது. பேச்சிப்பாறையிலிருந்து நாகர்கோவில் போய் வந்தால் பள்ளிக்கூட நாள் போச்சு, அம்மாவின் கூலியும் போச்சு. அதைவிடப் பெரிய சிக்கல், அங்கே வந்தது இங்கே வராமல் போவது. "சென்டர்ல மணி கோர்க்கிறான், ஸ்கூல்ல சட்டை பட்டன் போட மாட்டேங்கிறான்" என்று எத்தனையோ அம்மாக்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கைக்கு வேலை கொடுக்கத்தான் வேண்டுமென்றால், தோவாளைப் பக்கத்து வீட்டில் பிச்சிப்பூ கட்டும்போது பிள்ளையையும் கூட உட்கார வைக்கலாம். அதே விரல்களுக்குத்தான் அங்கும் வேலை; பஸ் செலவும் இல்லை.

எனக்கு மூன்றாவது வழியில்தான் நம்பிக்கை அதிகம்: தெரபிஸ்ட் வகுப்புக்கே வந்து, பிள்ளை அங்கே படும் பாட்டைப் பார்த்து, ஆசிரியரிடம் சொல்லிவிட்டுப் போவது.

நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுதும்போது நெளிகிறான் என்று வையுங்கள். சென்டரில் அவனை அவன் உயரத்துக்கேற்ற நாற்காலியில் உட்கார வைத்திருப்பார்கள். அங்கே நெளிவே தெரியாது. வகுப்பில் பெஞ்சு உயரம். கால் தரையில் படாமல் தொங்குகிறது, டெஸ்க் அவன் நெஞ்சு வரை வருகிறது. பாதத்துக்குக் கீழே ஒரு மரப்பலகை அல்லது கட்டி வைத்த பழைய நோட்டுக்கட்டு, முழங்கை படியும் உயரத்தில் மேசை. உடம்பு நிலைத்தால்தான் விரல் வேலை செய்யும். தடித்த பைல் ஒன்றைக் குறுக்கே போட்டு, அந்தச் சரிவில் நோட்டை வைத்தால் மணிக்கட்டு சற்றே பின்னோக்கி வளைந்து சரியாக நிற்கும். நீளப் பென்சிலை மாற்றி இரண்டு அங்குலத் துண்டு கொடுத்தால், முஷ்டியால் பிடிக்க இடமில்லாமல் மூன்று விரல் தானாக வந்துவிடும். ஞ, ழ மாதிரி சுழித்துத் திரும்பும் எழுத்துகளை நோட்டுக்கு முன்பு மணலிலோ பலகையிலோ பெரிதாக எழுதவிடலாம். மணிச் சத்தத்துக்கு மிரளும் பிள்ளையிடம், அடிப்பதற்கு ஒரு நிமிடம் முன்னால் சொல்லிவிட்டாலே பாதி கலவரம் அடங்கும். இதில் எதற்கும் ஊஞ்சல் தேவையில்லை.

அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் கல்விக்கான 1975 சட்டத்திலிருந்தே ஓ.டி. பள்ளியின் பொறுப்புக்குள் வந்துவிட்டது. தனி அறைக்கு அழைத்துப் போவதா, வகுப்புக்குள்ளேயே செய்வதா என்ற வாதம் அங்கேயும் ஓயவில்லை. நம் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் பிள்ளையின் தேவைக்கேற்ற வசதியைச் செய்து தரும் கடமையை அரசு நடத்தும், உதவி பெறும், அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் மேல் வைத்திருக்கிறது.

இந்த வழிக்கும் ஓட்டை உண்டு. நாற்பது பிள்ளைகளை ஒற்றை ஆளாகச் சமாளிக்கும் டீச்சரிடம் பத்து ஆலோசனை கொடுத்தால் ஒன்றும் நடக்காது. இரண்டு கொடுத்தால் நடக்கும். தசை இறுக்கத்துக்கும், ஸ்பிளின்ட் (கையைச் சரியான நிலையில் பிடித்து வைக்கும் தாங்கி) தேவைப்படும் கைக்கும் வகுப்பறை உதவாது. கழிப்பறைப் பயிற்சியை நாலு பேர் பார்க்கச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது.

ஆகவே என் வரிசை இது: மதிப்பீட்டுக்குச் சென்டர், உடம்புப் பயிற்சிக்கும் உதவித்தொகைக்கும் வள மையம், மற்றதெல்லாம் வகுப்பு. சென்டர்காரரிடம், "பள்ளிக்கு ஒருதரம் வர முடியுமா?" என்று கேளுங்கள். முடியாது என்றால், பிள்ளை எழுதுவதையும் சாப்பிடுவதையும் சின்ன வீடியோவாக எடுத்துத் தரும்படி டீச்சரிடம் கேட்டு வாங்கி, அவரிடம் காட்டுங்கள். மதிப்பீட்டு அறிக்கையின் நகல் தலைமையாசிரியருக்கும் வள மையத்துச் சிறப்புப் பயிற்றுநருக்கும் போகட்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெஞ்சு உயரத்தையும் கழிப்பறைக் கைப்பிடியையும் எழுத்தில் கேளுங்கள். பையன் ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டால், பொதுத்தேர்வுக்கான கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்கான சான்றிதழ் வேலையை அந்த வருடமே தொடங்கிவிடுங்கள். பத்தாம் வகுப்பு பாதியில் அலைந்தால் கையெழுத்துக்கே காலம் போய்விடும்.