ஷேடோஸ் ஆஃப் தி டேம்ன்டா, ரெசிடென்ட் ஈவில் 4 ரீமேக்கா?

அஸ்தம்பட்டி மாமா பையன் கேட்டான்: "அண்ணா, ஒண்ணுதான் வாங்க முடியும். எது?" ரெண்டுமே வீடியோ கேம், நாயகனின் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துச் சுடும் ரகம். ஷேடோஸிலும், ரீமேக்குக்கு மூலமான பழைய ரெசிடென்ட் 4இலும் ஜப்பான் கேம் படைப்பாளி ஷின்ஜி மிகாமியின் கை உண்டு.

கதை: ஷேடோஸில் காதலியை மீட்க நரகத்துக்குப் போகிறான் கார்சியா. கூடவே ஜான்சன் என்ற பேசும் மண்டையோடு. அதுவே டார்ச், அதுவே துப்பாக்கி, அதுவே பைக். வாய் மட்டும் மூடாது. ஜோக்கெல்லாம் பச்சை, ஹாலில் அம்மா இருந்தால் ஹெட்போன் கட்டாயம்.
ரெசிடென்டில் அமெரிக்க அதிபர் மகளைத் தேடி ஸ்பெயின் கிராமம்.

பயம்: ஷேடோஸில் இருட்டு உயிரைத் தின்னும்; ஆட்டுத்தலையைச் சுட்டால் வெளிச்சம். பயத்தைவிடச் சிரிப்புதான் வரும்.
ரெசிடென்ட் நிஜமாகவே உதறவைக்கும். ஏற்காட்டில் பனி இறங்கிய ராத்திரி ஆடினேன், பாதியில் எழுந்து லைட்டைப் போட்டேன்.

கைக்கு: ஷேடோஸ் 2011 ஆட்டம், 2024 ரீமாஸ்டரில் (பழையதையே மெருகேற்றிய பதிப்பு) படம் தெளிவு, நடையில் அதே பழைய விறைப்பு.
ரெசிடென்டின் 2023 ரீமேக் (புதிதாகவே செய்தது) கை சொன்னபடி கேட்கும். கத்தி மட்டும் தேயும், ஆட்டத்துக்குள் வரும் வியாபாரியிடம் சரிசெய்யணும்.

நேரம்: ஷேடோஸ் ஒரு சனி ஞாயிறு. ரெசிடென்ட் அதைப் போல இரண்டு மடங்கு.

பொறுமையாக ஓட்ட ரெசிடென்ட், கூட்டாளிகளோடு கும்மாளத்துக்கு ஷேடோஸ். பையனுக்கு செமஸ்டர் பக்கத்தில். ஷேடோஸ்தான் சொன்னேன்.