செமாகுளூடைடா, டிர்செபடைடா? வார ஊசியில் எது யாருக்கு

சாப்பிட்டதும் குடல் சுரக்கும் ஜிஎல்பி-1 ஹார்மோன், கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். வயிறு நிறைந்துவிட்டது என்று மூளைக்கும் தெரிவிக்கும். ஆனால் ஓரிரு நிமிடத்தில் சிதைந்துவிடும். அதே வேலையை நாள்கணக்கில் செய்யும்படி உருவாக்கப்பட்டவைதான் சர்க்கரை நோய்க்கும் உடல் பருமனுக்கும் தரப்படும் இந்த மருந்துகள். லிராகுளூடைடைத் தினமும் போட வேண்டும். செமாகுளூடைடும் டிர்செபடைடும் வாரம் ஒரு ஊசி. டிர்செபடைடு, ஜிஐபி என்ற இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

எடையை மட்டும் பார்த்தால் டிர்செபடைடுதான் முன்னால் நிற்கிறது. சர்க்கரை நோய் இல்லாதவர்களிடம் இரண்டையும் நேரடியாக ஒப்பிட்ட சர்மவுண்ட்-5 ஆய்வில், 72 வாரத்தில் டிர்செபடைடில் 20.2 சதவீதமும் செமாகுளூடைடில் 13.7 சதவீதமும் எடை குறைந்தது. சர்க்கரை நோயாளிகளுக்கு இரண்டிலுமே இவ்வளவு குறையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம். ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவருக்கு எங்கள் சாய்வு செமாகுளூடைடு பக்கம். செலக்ட் ஆய்வில் அது இதய, பக்கவாத ஆபத்தை 20 சதவீதம் குறைத்தது.

ஊசி வேண்டாம் என்பவர்களுக்குச் செமாகுளூடைடு மாத்திரை உண்டு. வெறும் வயிற்றில், 120 மி.லி.க்கு மேற்படாத தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் காபிகூடக் குடிக்கக் கூடாது. கண்டிப்பாக இருக்க முடியாதவருக்கு ஊசியே மேல்.

செமாகுளூடைடு 0.25 மி.கி.யிலும் டிர்செபடைடு 2.5 மி.கி.யிலும் தொடங்கும். அந்த முதல் 4 வாரம் உடம்பைப் பழக்குவதற்குத்தான். எடை குறையவில்லையே என்று அவசரப்பட்டு டோஸை ஏற்றுபவர்கள்தான் அதிகம் வாந்தியெடுக்கிறார்கள். நீரிழப்பு முற்றினால் சிறுநீரகமும் பாதிக்கப்படும்.

டிர்செபடைடைக் குப்பியில் வாங்குபவர்கள் சிரிஞ்சைக் கவனியுங்கள். ஒரு டோஸ் 0.5 மி.லி. ஆரஞ்சு மூடி இன்சுலின் சிரிஞ்சில் அது 50 யூனிட், சிவப்பு மூடியில் 20 யூனிட். 20 என்று கேட்டதை ஆரஞ்சு மூடியில் இழுத்தால் பாதி மருந்துகூட ஏறாது. யூனிட் கணக்கே வேண்டாம், மி.லி. குறித்த 1 மி.லி. சிரிஞ்சைக் கேட்டு வாங்குங்கள்.

கிளிமெபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு ஊசியும் சேரும்போது சர்க்கரை மிகவும் இறங்கலாம். அந்த மாத்திரை அல்லது இன்சுலினின் அளவை மருத்துவர் முன்கூட்டியே குறைக்க வேண்டும். சிட்டாகிளிப்டின் போன்ற சர்க்கரை மாத்திரைகளை நிறுத்திவிடலாம், கூடுதல் பலனில்லை. குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தால் செமாகுளூடைடு, டிர்செபடைடு இரண்டுமே கூடாது. முதுகுக்குப் பரவும் கடும் வயிற்றுவலி வந்தால் கணைய அழற்சியாக இருக்கலாம். அடுத்த ஊசியைப் போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். டிர்செபடைடு போடும் பெண்கள் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பக் கூடாது; தொடங்கிய பின்னும் ஒவ்வொரு முறை டோஸ் ஏறிய பின்னும் 4 வாரம் ஆணுறையும் தேவை.