ரேடியோவா, வாட்ஸ்அப்பா?

குளச்சல் பக்கம் இப்போது எல்லாத் தகவலும் வாட்ஸ்அப்பில்தான் ஓடுகிறது. வேகம்தான், சரி, வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளையின் குரலைக் கேட்டு உடனே பதிலும் சொல்லலாம், ரேடியோவில் அது நடக்காது. ஆனால் அந்தக் குழுவில் இருப்பது நம் தெரு, நம் சொந்தம் மட்டும்.

நாகர்கோவில் வானொலி அப்படி இல்லை. 1984இல் இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலியாகத் தொடங்கிய அது, கரையில் வலை பின்னுகிறவர், மலையோரத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர், வீட்டில் மலையாளம் பேசுகிற விளவங்கோட்டுக்காரர் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பேசுகிறது. யாரும் யாரையும் குழுவில் சேர்க்க வேண்டாம்.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். மரம் விழுந்து கரண்ட் போனது, போனில் சார்ஜ் தீர்ந்தது, டவரும் படுத்துவிட்டது. அம்மா டார்ச்சிலிருந்து இரண்டு பேட்டரியைக் கழற்றிப் பழைய டிரான்சிஸ்டரில் போட்டு, ஏரியலை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்தார். கரகரப்புக்கு நடுவே செய்தி கேட்டதும் எதிர்வீட்டு உம்மா, மகன் கடலுக்குப் போயிருந்த மீன்காரப் பெரியம்மா, எல்லாரும் எங்கள் திண்ணைக்கு வந்துவிட்டார்கள்.

அன்றாடப் பேச்சுக்கு வாட்ஸ்அப் இருக்கட்டும். எனக்கு ரேடியோதான், புது பேட்டரி இரண்டு எப்போதும் அலமாரியில் இருக்கும்.