600 ஹெச்.பி கார்வெட்டுக்கு எந்த கிளட்ச்: சிங்கிளா, ட்வினா?

செவர்லே நிறுவனத்தின் சி6 (ஆறாவது) தலைமுறை கார்வெட் இசட்06 ஸ்போர்ட்ஸ் காரில் இருக்கும் 7.0 லிட்டர் எல்.எஸ்.7 இன்ஜின், தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 505 ஹெச்.பி பவரும் 637 நியூட்டன் மீட்டர் டார்க்கும் (முறுக்கு விசை) தரும். அதில் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மாற்றி, ஹெடர் (புகை தடையில்லாமல் வெளியேறும் குழாய்கள்) போட்டு, இன்னும் ஆசை அடங்காமல் சூப்பர்சார்ஜரும் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி) ஏற்றினால், முதலில் கையை விரிப்பது கிளட்ச்தான். நான்காவது கியரில் 3,000 ஆர்.பி.எம்-இல் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துப் பாருங்கள். டேக்கோமீட்டர் முள் விர்ரென்று ஏறும், கார் அதே வேகத்தில் போகும். கூடவே கருகல் வாசனை வரும். அப்புறம் கிளட்ச் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

எதை வாங்குவது என்று பார்ப்பதற்கு முன், இந்தக் காரில் அந்த வேலை எவ்வளவு பெரியது என்று தெரிந்திருக்க வேண்டும். இன்ஜின் முன்னால், கியர்பாக்ஸ் பின் சக்கரங்களுக்கு நடுவே. இரண்டையும் ஒரு நீண்ட டார்க் டியூப் இணைக்கிறது. கிளட்ச் இருப்பது இன்ஜினை ஒட்டி. ஆக, எக்ஸாஸ்ட், பின்பக்க கிரேடில் (சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம்), கியர்பாக்ஸ், டார்க் டியூப் என்று வரிசையாக எல்லாவற்றையும் கழற்றினால்தான் கிளட்ச் கண்ணில் படும். கூலியே பெரிய தொகை. விலை குறைந்த கிளட்சைப் போட்டுவிட்டு அடுத்த வருடம் மறுபடி திறந்தால், மிச்சம் பிடித்த பணம் கூலியிலேயே போய்விடும்.

இன்னொன்று, விளம்பரத்தில் இருக்கும் ஹெச்.பி எண்ணை நம்பி வாங்கக் கூடாது. கிளட்சை நழுவ வைப்பது டார்க். 6,500 ஆர்.பி.எம்-இல் 600 ஹெச்.பி என்றால், அந்த இடத்தில் டார்க் சுமார் 657 நியூட்டன் மீட்டர்தான். கேம் மாற்றி மேல் ஆர்.பி.எம்-இல் பவர் எடுத்த இன்ஜின் அப்படித்தான் இருக்கும். அதே 600 ஹெச்.பி-யை சூப்பர்சார்ஜரில் எடுத்தால் நடு ஆர்.பி.எம்-இலேயே டார்க் எகிறிவிடும். பவர் எண் ஒன்றேயானாலும் இரண்டு கார்களுக்கும் தேவைப்படும் கிளட்ச் வேறு.

சரி, கிளட்ச் எவ்வளவு தாங்கும்? உராய்வுக் கெழு, பிரஷர் பிளேட்டின் (டிஸ்க்கை, இன்ஜினோடு சுழலும் ஃப்ளைவீல் மீது அழுத்தும் தகடு) அழுத்தம், உராய்வு நடக்கும் சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை, இந்த நான்கின் பெருக்கல்தான் விடை. ஒரு கணக்குக்கு 0.3 கெழு, 10,000 நியூட்டன் அழுத்தம், 0.12 மீட்டர் ஆரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே டிஸ்க் உள்ள சிங்கிள் பிளேட்டில் முகங்கள் இரண்டு, வருவது 720 நியூட்டன் மீட்டர். இரண்டு டிஸ்க் உள்ள ட்வினில் முகங்கள் நான்கு, வருவது 1,440. சந்தையில் இருக்கும் எல்லா கிளட்சும் இந்த நான்கு எண்களில் எதையோ ஒன்றைக் கூட்டித்தான் பிழைக்கிறது. எதைக் கூட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தாலே, ஓட்டும்போது எங்கே வலிக்கும் என்று சொல்லிவிடலாம்.

கம்பெனியின் எல்.எஸ்.7 கிளட்ச், 290 மி.மீ ஆர்கானிக் (நாரும் பிசினும் கலந்த உராய்வுப் பொருள்) சிங்கிள் பிளேட். பெடல் மென்மை, பிடிப்பு மெதுவாக வரும், விலையும் குறைவு. பழைய எல்.எஸ்.1 இன்ஜின் கார்களுக்கு இதையே அப்கிரேடாகப் போடுகிறவர்கள் உண்டு. எல்.எஸ்.7-லேயே கேம், ஹெடரோடு நின்றுவிட்டு, டிராக் பக்கம் அதிகம் போகாதவருக்கு இது போதும். சூப்பர்சார்ஜர் போட்டவர் இதைத் தொட வேண்டாம்.

அடுத்தது ஆறு பட்டை செராமிக் சிங்கிள், அதாவது முழு வளையத்துக்குப் பதில் ஆறு செராமிக் துண்டுகள். உராய்வுக் கெழுவை ஏற்றியிருக்கிறார்கள், பெரும்பாலும் கூடவே அழுத்தத்தையும் ஏற்றிவிடுவார்கள். பிடிக்கும், சந்தேகமில்லை. ஆனால் இடைநிலை என்ற ஒன்றே இருக்காது. பெடல் ஒரு விரற்கடை மேலே வந்ததும் கப்பென்று கவ்வும், கார் உதறி உதறிக் கிளம்பும். ஃப்ளைவீல் முகமும் சீக்கிரம் தேயும். டிராக்குக்கு டிரெய்லரில் ஏற்றிப் போகும் காருக்கு இதில் நியாயம் உண்டு. சிக்னலில் நின்று நின்று போகும் காருக்கு இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது.

ட்வின் டிஸ்க்தான் என் தேர்வு. முகங்கள் நான்கு இருப்பதால் அழுத்தத்தை ஏற்ற வேண்டியதில்லை, பெடல் கனக்காது, தொடை வலிக்காது. விட்டத்தையும் குறைக்கலாம், சுழலும் எடை மையத்துக்கு நெருக்கமாக வரும், ஆர்.பி.எம் சட்டென்று ஏறி இறங்கும். செவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸே 2009 மாடலாக வந்த 638 ஹெச்.பி, 819 நியூட்டன் மீட்டர் கார்வெட் இசட்.ஆர்.1 காருக்கு 260 மி.மீ ட்வின் டிஸ்க்கைத்தான் போட்டது. தினசரி ஓட்டத்துக்கு வாரன்டி கொடுத்து விற்ற கார் அது.

குறையும் உண்டு. நியூட்ரலில் கிளட்சை மிதித்தால், இரண்டு டிஸ்க்குக்கும் நடுவே இருக்கும் மிதவைத் தகடு கலகலவென்று சத்தம் போடும். பழுது இல்லை, அமைப்பே அப்படி. அந்த நடுத்தகடு தன் சூட்டை எளிதில் வெளியேற்றவும் முடியாது. அடுத்தடுத்து லாஞ்ச் போட்டால் (நின்ற இடத்திலிருந்து முழு வேகத்தில் கிளப்பினால்) வளைந்துவிடும்.

ட்வினிலும் இரண்டு வகை. மெக்லவுட் நிறுவனத்தின் ஆர்.எஸ்.டி ஆர்கானிக், அவர்கள் சொல்லும் வரம்பு 800 ஹெச்.பி. ஆர்.எக்ஸ்.டி-யில் செராமிக், வரம்பு 1,000 ஹெச்.பி. "எதற்கும் இருக்கட்டும்" என்று நிறைய பேர் ஆர்.எக்ஸ்.டி பக்கம் சாய்கிறார்கள். 600, 650 ஹெச்.பி-யில் நிற்கப் போகும் ரோட்டுக் காருக்கு ஆர்.எஸ்.டி-யே தாராளம், கிளம்புவதும் பட்டுப் போல இருக்கும். பூஸ்டை (சூப்பர்சார்ஜர் தரும் காற்றழுத்தத்தை) இன்னும் ஏற்றும் எண்ணம் நிஜமாகவே இருந்தால் மட்டும் ஆர்.எக்ஸ்.டி.

இசட்.ஆர்.1-இன் அசல் எல்.எஸ்.9 கிளட்சையே வாங்கிப் போடலாமே என்றால், போடலாம். ஆனால் எல்.எஸ்.9 இன்ஜினின் கிராங்க்ஷாஃப்ட்டில் ஃப்ளைவீல் போல்ட் ஒன்பது, எல்.எஸ்.7-இல் ஆறு. அசல் ஃப்ளைவீல் உட்காராது. ஆறு போல்ட்டுக்கென்று செய்த வெளி ஃப்ளைவீலையும் சேர்த்து விலை போட்டுப் பாருங்கள்.

எதை வாங்கினாலும் ஹைட்ராலிக் பக்கத்தை, அதாவது பெடலின் அழுத்தத்தை ஆயில் வழியே கிளட்சுக்குக் கொண்டுபோகும் பகுதியை, விட்டுவிடாதீர்கள். மாஸ்டர் சிலிண்டர் மூடியைத் திறந்து பாருங்கள். ஆயில் டிக்காஷன் நிறத்தில் இருந்தால், கிளட்சை விலக்கும் ஸ்லேவ் சிலிண்டர், கிளட்ச் தூசியிலும் சூட்டிலும் ஊறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மேல் ஆர்.பி.எம்-இல் கியர் மாற்றும்போது பெடல் தரையோடு ஒட்டிக்கொள்வது இந்தக் கார்களில் பழைய புகார். புது கிளட்ச் போட்டும் அது வந்தால் எரிச்சல்தான். ஸ்லேவை மாற்ற மறுபடி டார்க் டியூப்பை இறக்க வேண்டும். ஆகவே புது ஸ்லேவும், ஆயிலில் சிக்கிய காற்றை வெளியிலிருந்தே எடுக்க வசதியாக நீட்டிய பிளீடர் டியூப்பும் இதே வேலையில் முடிந்துவிட வேண்டும். ட்வினின் உயரம் அசல் கிளட்சோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். பிரஷர் பிளேட் விரல்களுக்கும் ஸ்லேவ் பேரிங்குக்கும் உள்ள இடைவெளியை அளந்து, தேவைப்பட்டால் ஷிம் (மெல்லிய இடைத்தகடு) வைக்கச் சொல்லுங்கள். அளக்காமலே மாட்டுகிற ஒர்க்‌ஷாப்பில் காரை விட வேண்டாம்.

மாட்டியதும் முதல் 800 கிலோமீட்டர் டவுனுக்குள், நிறைய கியர் மாற்றி, மெதுவாக ஓட்டுங்கள். ஹைவேயில் ஒரே கியரில் ஓட்டிய தூரத்தை இதில் சேர்க்காதீர்கள், அங்கே டிஸ்க்குகள் உரசிப் படியவே படியாது.