குமரி மாவட்டத்துக் குளிர்காலத்துக்கு எந்த வாஷர் லிக்விட்? சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு என் கருத்து

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் கார் வைத்திருக்கும் நண்பர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி, ஆன்லைனில் "−20 டிகிரி வரை உறையாது" என்று போட்டு ஒரு வாஷர் லிக்விட் (வைப்பர் போடும்போது முன் கண்ணாடியில் பீய்ச்சுவது) விற்கிறார்களே, அதை வாங்கலாமா என்பதுதான். நாகர்கோவிலில் இருந்துகொண்டு வேலைக்காக மார்த்தாண்டம், குளச்சல், ஆரல்வாய்மொழி என்று தினமும் ஓட்டுகிறவன் நான். பல வகை ஊற்றிப் பார்த்துவிட்டேன். நம் ஊருக்குள் ஓட்ட அது தேவையில்லை. மார்கழி விடியற்காலையில்கூட இங்கே சமவெளியில் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம், தண்ணீர் உறைய 0 டிகிரி வேண்டும்.

ஆனால் அதனால் வெறும் தண்ணீரே போதும் என்று நினைத்துவிட வேண்டாம். இந்தச் சீசனில் நம் கண்ணாடியில் ஒட்டுவது வேறு மாதிரி அழுக்கு. முட்டம், குளச்சல் பக்கம் கடற்கரைச் சாலையில் போய் வந்தால் கண்ணாடி முழுக்க மெல்லிய உப்புப் படலம் படியும், பகலில் கண்ணுக்கே தெரியாது, இருட்டின பிறகு உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அப்போது எதிரே ஒரு டிப்பர் ஹெட்லைட்டைப் போட்டு வந்தால் பாதையே வெள்ளையாகிவிடும். மழை விட்ட சாயங்காலம் தேரூர், சுசீந்திரம் வயல்களை ஒட்டிப் போனால் ஈசல் வந்து அடிக்கும். அதன் உடம்பு முழுக்கக் கொழுப்பு, வெறும் தண்ணீரில் வைப்பர் போட்டால் இழுத்துப் பூசிவிடும், அவ்வளவுதான். குலசேகரம் பக்கம் மார்கழி, தையில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும், மரத்தடியில் நிறுத்தினால் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் இலை மட்கி அடைத்துக்கொள்ளும். அதை எந்த லிக்விடும் சரி செய்யாது, கையால்தான் அள்ளிப் போட வேண்டும்.

இனி முக்கியமான விஷயம். எந்தக் கம்பெனி பாட்டில் என்பதைவிட, அதை எந்தத் தண்ணீரில் கலக்குகிறோம் என்பதுதான் நம் மாவட்டத்தில் பலனைத் தீர்மானிக்கிறது. தக்கலையில் நான் வண்டி விடும் மெக்கானிக் ஒருவர் பல வருடமாகச் சொல்வது இது: "மருந்து எல்லாம் நல்ல மருந்துதான் மக்கா, நீ எந்தத் தண்ணியில கலக்குத?" கடற்கரை ஊர்களில் பல இடத்தில் போர் தண்ணீர் உப்பு கரிக்கும், சுண்ணாம்பும் அதிகம். அந்தத் தண்ணீரை ஊற்றினால் கண்ணாடி காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி நிற்கும், நாளாக ஆக பீய்ச்சும் ஓட்டை அடைத்து, ஒரு பக்கம் மட்டும் சொட்டும். ஊசியால் குத்திச் சரி செய்யலாம், ஆனால் கொஞ்ச நாளில் திரும்ப அடைக்கும். நான் இப்போது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரோ, இல்லையென்றால் நல்ல மழை பெய்து மாடி கழுவிப் போன பிறகு பிடித்து, துணியில் வடிகட்டிய மழைத் தண்ணீரோதான் ஊற்றுகிறேன். வருடத்தில் இரண்டு பருவமழையும் கிடைக்கும் மாவட்டத்தில் இதற்கு ஒரு குடம் பிடித்து வைப்பது பெரிய வேலையே இல்லை. அந்தப் புள்ளி, அடைப்பு இரண்டும் அதோடு நின்றது.

வகைகளைப் பற்றிச் சுருக்கமாக. பாத்திரம் கழுவும் லிக்விட் வேண்டவே வேண்டாம், நுரை கண்ணாடியிலேயே நிற்கும், ராத்திரியில் அந்த நுரையில் வெளிச்சம் சிதறும், பானெட்டில் வழிந்தால் மெழுகுப் பூச்சையும் எடுத்துவிடும். தண்ணீரில் போட்டால் கரையும் மாத்திரை விலை குறைவு, சாதாரணத் தூசிக்குப் போதும், முழுதாகக் கரையும் வரை வெளியே ஒரு பாட்டிலில் கலக்கி அப்புறம்தான் டேங்கில் ஊற்ற வேண்டும், ஆனால் ஈசலிடம் தோற்றுவிடும். எனக்கு நிலையாக ஒத்துவந்தது, பூச்சிக் கறை எடுக்கும் என்று போட்டிருக்கும் கான்சென்ட்ரேட் (தண்ணீர் சேர்த்துக் கலக்க வேண்டிய அடர்த்தியான) வகைதான், லேபிளில் சொன்ன அளவுக்கு மேல் ஒரு சொட்டுகூட விடாமல். அதிகம் விட்டால் அதுவே எண்ணெய் மாதிரி கோடு விழும். நீல நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், அது வெறும் சாயம்.

வெறும் தண்ணீரை மாதக்கணக்கில் டேங்கில் விடுவது உடம்புக்கும் நல்லதில்லை. 2010இல் பிரிட்டனின் சுகாதாரப் பாதுகாப்பு முகமை, வாஷர் டேங்கில் வெறும் தண்ணீர் இருந்தால் நுரையீரலைத் தாக்கும் லீஜியோனெல்லா கிருமி அதில் வளர்ந்து பரவ வாய்ப்பிருக்கிறது என்று எச்சரித்து, வாஷர் லிக்விட் கலக்கச் சொன்னது. அங்கேயே அப்படி என்றால், பானெட்டுக்கடியில் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும் நம் ஊர் டேங்கைப் பற்றி யோசியுங்கள்.

சரி, உறையாத லிக்விட் யாருக்கு வேண்டும்? டிசம்பர், ஜனவரியில் குடும்பத்தோடு மூணாறோ ஊட்டியோ போகிறவர்களுக்கு. மூணாறைச் சுற்றியுள்ள எஸ்டேட்களில் சில விடியற்காலைகளில் 0 டிகிரியோ அதற்குக் கீழோ போகும், புல்லிலும் கார் கண்ணாடியிலும் உறைபனி படியும். நம் ஊர் கலவையோடு போய்க் காலையில் லீவரை இழுத்தால் எதுவும் வராது, மோட்டார் மட்டும் முனகும், அப்படியே அழுத்திக்கொண்டிருந்தால் மோட்டார் போய்விடும். கண்ணாடியில் வெந்நீர் ஊற்றுவதை அங்கே பார்த்திருக்கிறேன், தயவுசெய்து செய்யாதீர்கள், திடீர்ச் சூட்டில் கண்ணாடி விரிசல் விடும். ஏற்கெனவே கல் பட்ட சின்னக் காயம் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

வாங்கும்போது, உறையாமல் இருக்க அதில் சேர்த்திருப்பது என்ன ஆல்கஹால் என்று பாருங்கள். மெத்தனால் விலை குறைவு, நன்றாகவும் உறையாமல் இருக்கும், ஆனால் அது விஷம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற சாராயத்தில் இருந்ததும் அதே மெத்தனால்தான். ஐரோப்பிய ஒன்றியம் பொதுமக்களுக்கு விற்கும் வாஷர் லிக்விடில் மெத்தனாலை 0.6 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியிருக்கிறது. எத்தனாலோ ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோ போட்ட பாட்டில் கிடைத்தால் அதையே எடுங்கள், உள்ளே என்ன என்று எழுதாத பாட்டிலைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். எதுவாக இருந்தாலும் தண்ணீர் பாட்டிலில் மாற்றி வைக்க வேண்டாம், நீல நிறத்தைப் பார்த்தால் குழந்தைகளுக்குச் சர்பத் மாதிரிதான் தெரியும். ரேடியேட்டர் கூலன்ட்டை வாஷர் டேங்கில் ஊற்றும் யோசனையும் வேண்டாம், கண்ணாடியில் வழவழவென்று பூசிக்கொள்ளும், அதுவும் விஷம்தான்.

மலை ஏறுவதற்கு முன் டேங்கில் இருப்பதைப் பீய்ச்சித் தீர்த்துவிட்டு, புது லிக்விடை ஊற்றி, அது நாசில் (பீய்ச்சும் ஓட்டை) வழியாக வரும் வரை திரும்பவும் பீய்ச்ச வேண்டும். டேங்கை மட்டும் மாற்றிவிட்டுப் போகிறவர்கள் பலர், ஆனால் பைப்பில் நிற்கும் பழைய தண்ணீர்தான் முதலில் உறையும்.