ஆடிட்டர் ஆபீஸா, வங்கிக் கிளையா?

பி.காம் இரண்டாம் ஆண்டு முடித்தவர் மே மாத இன்டர்ன்ஷிப்புக்கு எங்கே போகலாம்? நான் ஆடிட்டர் ஆபீஸைத்தான் சொல்வேன். முதல் வாரமே ஒரு பில் கட்டைக் கொடுத்து டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றச் சொல்வார்கள். ஜிஎஸ்டி எண்ணில் 15 இலக்கம்: முதலில் மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33, அப்புறம் பான் எண்ணின் பத்து. ஓர் எழுத்து மாறினாலும் சரக்கு வாங்கியவர் உள்ளீட்டு வரி வரவுக்கு, அதாவது வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வதற்கு, அலைய வேண்டும். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்கு 11ஆம் தேதி கடைசி, வரி கட்டும் 3பி படிவத்துக்கு 20ஆம் தேதி. அந்தப் பரபரப்பை வகுப்பில் பார்க்க முடியாது.

வங்கியில் கணினியைத் தொடவிட மாட்டார்கள். பெரும்பாலும் வாடிக்கையாளரின் அடையாளம் சரிபார்க்கும் கேஒய்சி படிவம்தான். ஆனால் நகைக்கடன் மேசையருகே உட்காரக் கிடைத்தால் விடாதீர்கள். மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரசுவதையும், வளையலைக் கழற்றித் தருபவரின் முகத்தையும் பாருங்கள். வங்கித் தேர்வு எழுதப் போகிறவருக்கு, சரி, அதுவே பொருத்தம்.